கரியமிலவாயுவும் கையொப்பமும்

மூச்சு என்றவுடன் நம் மனத்தில் முதற்கண் தோன்றுவது உள்ளே செல்லும் காற்றேயன்றி வெளியே வருங் காற்றன்று. பிராணவாயு இன்றி மனிதன் வாழான் என்பதைப் பள்ளிச் சிறுவரும் கூறுவர். 2021-ஆம் ஆண்டில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, பிராணவாயு உருளைக்காக மக்கள் வீதியில் அலைந்ததை நாம் கண்கூடாகக் கண்டோம். கரியமிலவாயு வெளியேறாது உள்ளே தங்கிவிடினும் மனிதன் வாழான் என்பதை உணர்ந்தார் சிலரே. யாமும் சென்ற ஐப்பசித் திங்கள் வரையில் உணராதார் கூட்டத்தையே சேர்ந்திருந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள், சற்றுப் பொறுமையுடன் படித்துச் சென்றபின் அவ்வினாவை எழுப்புமாறு வேண்டுகின்றோம்.

எம் பெரியப்பாவின் வீடு குமணன்சாவடியில் உள்ளது. பூந்தமல்லிக்குச் சற்று முன்னர் எதிர்ப்படும் ஊர் அது. முற்காலத்தில் வழிப்போக்கர் தங்கிச் சென்ற சாவடிகளின் நினைவு, வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் பெயர்களில் அப்பக்கத்தில் இன்றும் நிலவுகின்றது. புலவன் ஒருவனுக்குத் தன் தலையையே கொடுக்க முன்வந்த வள்ளலின் பெயரை ஊர்ப்பெயரிற் கேட்டலால், புறநானூறு படிக்கும் எமக்கு அவ்வூரின்மேல் தனியன்பு உண்டு. மற்றபடி, மெட்ரோ இரயிற்பாதையின் தூண்களும், லாரிப் பட்டறைகளும், ஓயாத புழுதியும் உடைய ஊரே அது. பெரியப்பா அப்பட்டறைகளுள் ஒன்றில் முப்பதாண்டு லாரிகளுக்கு வண்ணம் தெளித்துப் பிழைத்தவர்.

சென்ற அடைமழையில் அவருக்குச் சுரங் கண்டது. நான்காம் நாள் நிமோனியா என்றனர். நகருக்குள் இருந்த ஒரு மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்று, இரண்டு நாட்களுக்குள் தொண்டையிற் குழாயிட்டு வென்டிலேட்டரில் இணைக்கப்பெற்றார். பின்னரும் ஐந்தாம் நாள் இரவு, மணி ஒன்றிருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலுக்கு எங்களை அழைத்தனர். இரத்தத்திற் கரியமிலவாயு 92 வரை ஏறிவிட்டது. நுரையீரல் விறைத்துப்போனமையால் இனிமேல் காற்றை மிகுதியாகச் செலுத்தல் இயலாது. இரத்தத்தை உடம்பிற்கு வெளியே கொணர்ந்து அவ்வாயுவை அகற்றும் பொறியொன்று உண்டு. வேண்டுமாயின் கையொப்பம் இடுக என்று கூறி, நான்கு பக்கம் கொண்ட ஆங்கிலப் படிவமொன்றைக் கொடுத்துச் சென்றனர். பெரியம்மா அதனை வாங்கி, அங்கு நின்ற எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நோக்கி, ஈற்றில் எம் கையிற் கொடுத்தார். "கண்ணு, நீதானே காலேஜில் படிக்கிறாய். இதில் என்ன போட்டிருக்கிறது, சொல்லு."

யாம் படித்தோம், ஆனால் சொல்லவில்லை. முதல் வரியில் வந்த 'எக்ஸ்ட்ராகார்ப்போரியல்' என்னுஞ் சொல்லிலேயே எம் நா தடைப்பட்டது. ஏதோ இரத்தத்தைச் சுத்தம் செய்வதாம் என்று மழுப்பினோம். அண்ணன் கையொப்பம் இட்டார். அவருக்கு அதன் பொருள் தெரியாது என்பதும், எமக்கும் தெரியாது என்பதும் அவ்விடத்திலிருந்த எல்லார்க்கும் தெரியும்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். பெரியப்பாவையே கேட்டிருக்கலாகாதோ எனின், ஆகாது. எழுத்துக்களின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழுங் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களிற் பொருந்தி, நாவும் இதழும் முதலியவற்றால் திருந்தி ஒலியாகும் என்பர். வென்டிலேட்டரின் குழாய் அம்மிடற்றின் குரல்வளைத் தசைகளுக்கு நடுவே இறங்குவது. ஆகலின் காற்று உளதாயினும் எழுத்துப் பிறவாது. பெரும்பாலோர்க்கு மயக்கமருந்தும் கொடுக்கப்பட்டிருக்கும். உயிர் யாருடையதோ அவர் பேசார். பேசவல்லார்க்குப் பொருள் தெரியாது. நாம் எழுத எடுத்துக்கொண்ட செய்தியின் கடினம் இவ்விடத்திலேதான் உள்ளது.

பெரியப்பாவின் காரியங்கள் யாவும் முடிந்தபின், அந்நான்கு பக்கங்களையும் அகராதியின் துணைகொண்டும், மருத்துவக் கல்லூரியிற் பயிலும் நண்பரொருவர் துணைகொண்டும் வரிவரியாகப் படித்தோம். அதனால் யாம் அறிந்தவற்றைக் கூடியவரையில் எளிமையாகக் கூறுவோம்.

உடம்பு ஓர் அடுப்பு. உண்ட உணவு பிராணவாயுவுடன் கூடி எரிதலால் வெப்பமும் வலிவும் உண்டாகின்றன. புகையாக எஞ்சுவது கரியமிலவாயு. ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவருடைய உடம்பில் நிமிடந்தோறும் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கரியமிலவாயு உண்டாகின்றது. இரத்தம் அதனைச் சுமந்து சென்று நுரையீரலில் இறக்க, வெளிமூச்சு அதனைப் புறத்தே கொண்டுபோகின்றது. குமணன்சாவடிக்கு அணித்தே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. நீர்வரத்து ஒருநாளும் நில்லாத ஏரியில் மதகு அடைபடின் மட்டம் ஏறும். ஏறினாற் கரைக்குக் கேடு. தமனி இரத்தத்திற் கரியமிலவாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரையில் இருத்தல் இயல்பு. அதற்குமேல் விரைந்து ஏறின், இரத்தம் புளிப்புத் தன்மை அடையும், அறிவு மயங்கும், இதயத்தின் நடை தடுமாறும்.

இவ்வுண்மை மருத்துவ உலகில் உறைத்ததொரு காலத்தை மாணவராகிய நாம் சிறப்பாக அறிதல் தகும். 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசைகள் செயலற்ற நோயாளிகள் நாள்தோறும் வந்து குவிந்தனர். முதல் மூன்று வாரங்களில் மூச்சுப்பொறியில் வைக்கப்பட்ட 31 பேருள் 27 பேர் இறந்தனர். அவர்கள் இரத்தத்தில் கரியமிலவாயுவைச் சார்ந்த உப்பு மிகுந்திருப்பதை மருத்துவர் கண்டிருந்தனர். ஆயினும் அதனைக் காரத்தன்மையின் மிகுதி என்றே கருதினர். மயக்கமருந்து வல்லுநராகிய பியோர்ன் இப்சன் என்பவரோ, அன்று, இவர்கள் போதிய மூச்சின்மையாற் கரியமிலவாயு தேங்கி மடிகின்றனர் என்று வாதித்தார். ஆகஸ்டு 27-ஆம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையைத் துளைத்துக் குழாய் வைத்து, இரப்பர்ப் பையொன்றைக் கையாற் பிசைந்து காற்றைச் செலுத்தித் தம் கூற்றை மெய்ப்பித்தார். சிறுமி பிழைத்தாள்.

ஆனால் நகரம் முழுவதற்கும் பொறிகள் எங்கே? பையைப் பிசைதற்குக் கைகளே வேண்டியிருந்தன. ஏறத்தாழ 1500 மாணவர் முறைவைத்து வந்து, பல மணிநேரம் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, பகலும் இரவும் பையைப் பிசைந்தனர். மருத்துவ மாணவரும் பல்மருத்துவ மாணவரும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலோர் எம் வயதினர். தாம் பிசைய மறந்தால் எதிரே கிடக்கும் குழந்தை இறக்கும் என்பதை அறிந்து, மாதக்கணக்கில் பிசைந்தனர். இறப்பு விகிதம் பாதிக்குமேற் குறைந்தது. இன்றுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பலவற்றிற்கும் அங்கேயே வித்திடப்பட்டது என்பர். ஆண்டுவிழாவிற்கு நாற்காலி போடுதலையே பெருந்தொண்டாக எண்ணும் நாம் இதனைப் படித்தபோது சிறிது வெட்கினோம் என்பதை மறைப்பானேன்?

கையின் வேலையைப் பின்னர்ப் பொறி ஏற்றது. அதனோடு மற்றொரு தீங்கும் வெளிப்பட்டது. இளம்பிள்ளைவாத நோயாளியின் நுரையீரல் நன்னிலையில் இருந்தது, தசைகளே கெட்டன. நிமோனியா போன்ற நோய்களிலோ நுரையீரலே நீர்கோத்து விறைக்கின்றது; பெரியவர் மார்பினுள் குழந்தையின் நுரையீரல் அளவே காற்றேற்கும் இடம் எஞ்சுகின்றது. அதனுள் பெரியவர்க்குரிய காற்றை அழுத்திச் செலுத்தின், எஞ்சிய நற்பகுதியும் கிழிபடும். காப்பாற்றும் பொறியே காயப்படுத்தும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சி ஒன்றில், உயரத்திற்கேற்ற உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் காற்றூதப்பெற்றவருள் நூற்றுக்கு 39.8 பேரும், 6 மில்லிலிட்டர் வீதம் ஊதப்பெற்றவருள் நூற்றுக்கு 31 பேரும் இறந்தனர். அன்று முதல் குறைவாக ஊதுதலே முறையாயிற்று. ஆயின் குறைவாக ஊதினால் கரியமிலவாயு தேங்கும். ஓரளவு தேங்குவதை மருத்துவர் பொறுத்துக்கொள்வர். அளவு கடப்பின் யாது செய்வது?

இவ்விடத்திலேதான் நாங்கள் கையொப்பமிட்ட பொறி வருகின்றது. கழுத்திலோ தொடையின் மேற்புறத்திலோ உள்ள பெருஞ்சிரையில் இரட்டைக்குழாய் ஒன்றைப் பொருத்தி, பம்பு கொண்டு இரத்தத்தை வெளியே இழுக்கின்றனர். மயிரிழை போன்ற நுண்குழல்கள் ஆயிரக்கணக்காக அடங்கிய பெட்டி ஒன்றின் வழியே அது செல்கின்றது. குழல்களின் உள்ளே காற்று, வெளியே இரத்தம். கரியமிலவாயு சவ்வைக் கடந்து காற்றிற் கலந்து போக, இரத்தம் உடம்பிற்கு மீள்கின்றது. சிறுநீரகம் பழுதுற்றார்க்குச் செய்யும் டயாலிசிஸை அறிந்தார்க்கு இது புதிதன்று. நுரையீரலுக்கு அதுபோன்றதொன்று எனலாம்.

'எக்மோ' என்னும் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களின் இறுதி நாளிலும், 2020-ஆம் ஆண்டில் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் நோய்ப்படுக்கையிலும் அச்சொல் நாளிதழ்தோறும் வந்தது. ஒரே மூச்சில் நெடும்பாட்டுப் பாடி வியப்பூட்டிய அப்பெருமகனார், ஆகஸ்டு 5-ஆம் நாள் சென்னை மருத்துவமனையிற் சேர்ந்து, வென்டிலேட்டரும் எக்மோவும் துணைநிற்கப் பல வாரம் கிடந்து, செப்டம்பர் 25-ஆம் நாள் காலமாயினார். திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். எங்கள் அண்ணனும் பெரியப்பாவுக்கு வைப்பது எக்மோ என்றே உறவினர்க்குத் தொலைபேசியிற் கூறிக்கொண்டிருந்தார். அஃது அதுவன்று. இரண்டும் ஒரே குலத்தன. ஆயினும் அளவில் வேறுபட்டன. பிராணவாயுவையும் இரத்தத்தில் ஏற்றுதல் வேண்டின், நிமிடத்திற்கு மூன்று முதல் ஆறு லிட்டர் இரத்தத்தை வெளியே சுழற்றல் வேண்டும், அதற்கு எக்மோ. கரியமிலவாயுவை மட்டும் இறக்குதற்கு ஒரு லிட்டருக்கு உட்பட்ட ஓட்டமே போதும். என்னை? ஒரு லிட்டர் சிரை இரத்தத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் கரியமிலவாயு, பெரும்பாலும் உப்பு வடிவிற் கரைந்து, அடங்கியுள்ளது. ஆகலிற் சிறிது இரத்தத்தினின்றே மிகுதியாக எடுக்கலாம். சிறு பம்பு, சிறு குழாய், சிறு செலவு என்பது இதன் கவர்ச்சி. வேதியியல் தெரியாத எமக்கும் இக்கணக்கு இனிதாகவே தோன்றிற்று.

கணக்கு இனிது, காரியம் அங்ஙனம் அமைந்ததா என்பதே கேள்வி. 1970-களின் பிற்பகுதியில் கோலோபோ என்பவரும் இத்தாலியராகிய கட்டினோனி என்பவரும் இம்முறையை வகுத்தனர். 1986-ஆம் ஆண்டில் கட்டினோனி, நம்பிக்கை குன்றிய 43 நோயாளிகளுள் 21 பேர் பிழைத்ததாக வெளியிட்டபோது உலகம் வியந்தது. ஆயின், பொறியில்லாமல் அந்நாற்பத்துமூவருக்கும் என்ன நேர்ந்திருக்கும்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் அங்கே இல்லை. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 40 பேரை இரு கூறாக்கி நோக்கியபோது, பொறியில் வைக்கப்பட்ட 21 பேருள் 7 பேரும், வைக்கப்படாத 19 பேருள் 8 பேரும் பிழைத்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. பொறி வெல்லவில்லை என்பது மட்டும் தெளிவு.

பின்னர்ப் பொறி செப்பமுற்றது, நம்பிக்கையும் மீண்டது. 2021-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து 'ரெஸ்ட்' எனப்படும் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. 51 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதிற் பங்குகொண்டன. 1120 பேரைச் சேர்ப்பதாகத் தொடங்கி, பயன் காணும் வாய்ப்பில்லை என்று 412 பேருடன் நிறுத்தினர். தொண்ணூறு நாட்களுக்குள் பொறியிடப் பெற்றவருள் நூற்றுக்கு 41.5 பேரும், வழக்கமான முறையில் மட்டும் பார்க்கப்பெற்றவருள் நூற்றுக்கு 39.5 பேரும் இறந்தனர். இரத்தம் பொறியில் உறையாதிருக்க ஹெபரின் கொடுத்தல் வேண்டும். உறையாத இரத்தம் வேண்டாத இடத்திற் கசியும். பொறியிடப் பெற்றோருள் 9 பேருக்கு மண்டையோட்டினுள் இரத்தக் கசிவு உண்டாயிற்று. மற்றையோருள் ஒருவருக்கும் இல்லை. கடுந்தீங்குகள் அங்கே நூற்றுக்கு 31, இங்கே 9.

பெரியப்பாவின் செய்திக்கு வருவோம். பொறி தான் சொன்னதைச் செய்தது. மறுநாட் காலையில் 92 என்றிருந்தது 60 ஆயிற்று, மாலையில் 48. செவிலியர் அவ்வெண்ணைக் கூறக் கேட்டுப் பெரியம்மா வாயிலிலேயே முழந்தாளிட்டார். எண்ணையே நோயென்றும், எண் இறங்கினால் நோயும் இறங்கிற்று என்றும் நாங்கள் எல்லோரும் கருதினோம். ஒன்பதாம் நாள், இரத்தத்தில் நஞ்சு பரவிப் பெரியப்பா காலமானார். அன்றைய எண் 44. பொறியாலேதான் இறந்தார் என்று யாம் கூறவில்லை, அது பொய்யாகும். பொறியில்லாதிருந்தால் பிழைத்திருப்பார் என்று கூறுவதும் அத்தகையதே. மருத்துவரும் செவிலியரும் உறங்காது உழைத்ததை யாம் பார்த்தோம். திருமழிசைப் பக்கத்திற் பெரியப்பா வாங்கிப்போட்டிருந்த மனை இப்பொழுது வேறொருவருடையது.

ஆகவே எம் குறை பொறியின்மேலன்று. அதனைத் தடுத்தல் வேண்டும் என்பாரோடு யாம் உடன்படோம். எல்லா வழியும் அடைபட்டு, நுரையீரலுக்குச் சில நாள் ஓய்வு கிடைத்தால் மீளக்கூடும் என்று பழகிய மருத்துவர் துணியுமிடத்து, அப்பொறி ஒருவர்க்குப் பயன்படவும் கூடும். நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பார் செய்தியும் வேறு. எக்மோவைப் பற்றியும் 2018-ஆம் ஆண்டில் 249 பேரைக்கொண்டு ஆராய்ந்தபோது, அறுபது நாட்களில் இறந்தோர் அப்பொறியில் நூற்றுக்கு 35 ஆகவும், இன்றி 46 ஆகவும் இருந்தனர். ஐயத்திற்கு இடம் இருந்ததேனும் நம்பிக்கைக்கும் இடம் இருந்தது. கரியமிலவாயுவை மட்டும் அகற்றும் பொறிக்கோ அத்துணை ஆதாரம் இன்றளவும் இல்லை. அஃது இன்னும் ஆராயப்படும் பொருள். ஆராயப்படும் பொருளை ஆராயப்படும் பொருள் என்றே சொல்லிக் கொடுத்தல் வேண்டும் என்பதுதான் எம் வழக்கு. 'இது எண்ணைக் குறைக்கும். உயிரைக் காக்குமா என்பது தெரியாது. இரத்தக் கசிவு உண்டாகலாம். இதனை வைக்காது வேறு வழியிலும் பார்ப்போம், கைவிடோம்' என்னும் இந்நான்கு வாக்கியங்களையும் அன்றிரவு எவரேனும் தமிழிற் கூறியிருப்பின், அண்ணன் கையொப்பம் இட்டிருப்பாரோ, இடாதிருப்பாரோ, அது வேறு. இட்டது அவருடைய கையொப்பமாக இருந்திருக்கும்.

சட்டமும் இதனையே வேண்டுகின்றது. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், சமீரா கோலி என்பார் தொடுத்த வழக்கில், சிகிச்சையின் இயல்பு, நோக்கம், பயன், மாற்றுவழி, தீங்கு ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்தபின் கொடுக்கும் இசைவே இசைவு என்று தீர்ப்பளித்தது. அறிதற்குக் கருவி மொழியன்றோ? படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட நான்கு பக்கத்தின் அடியிற் பெறுங் கையொப்பம், படிவத்திற்கு மை பூசுவதேயன்றி வேறன்று.

இதனை எம் நண்பரிடம் கூறியபோது அவர் இரண்டு தடை கூறினார். இரவு ஒரு மணிக்கு, ஒரே மருத்துவர் பன்னிரண்டு படுக்கைகளைப் பார்க்கையில், பாடம் நடத்த நேரம் ஏது என்பது முதலாவது. நேர்மையான தடையே. ஆயின் கரியமிலவாயு 92 வரை ஏறியது ஒரு நொடியிலன்று. வென்டிலேட்டரில் வைத்த அன்றே, மேல்வரக்கூடியன இவையென்று ஒருபக்கத் தமிழ்த் தாளைக் கொடுத்திருக்கலாம். வாயிலில் நாங்கள் மூன்று நாள் வேலையின்றித்தான் அமர்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னாற் குடும்பத்தார் அஞ்சி நடுங்குவர் என்பது இரண்டாவது தடை. அவர்கள் முன்னரே நடுங்கிக்கொண்டிருக்கின்றனர் என்பதே எம் விடை.

மூன்றாவது தடையொன்று உண்டு. அதனை எழுப்புவார் நம் துறையினரே. இவற்றிற்குத் தமிழில் நற்சொற்கள் இல்லை. முதலிற் கலைச்சொல் ஆக்குவோம், பின்னர்ப் படிவம் எழுதுவோம் என்பர். ஆக்கட்டும். ஆனால் சொல் ஆகும்வரை நோயாளி காத்திரான். சாமுவேல் பிஷ் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தொண்டாற்றி, தமிழ் கற்று, 1864-ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என அவரும் அவர் மாணவரும் பெயர்த்து வெளியிட்ட நூல்களின் பெயர்களைப் பாருங்கள். 'கெமிஸ்தம்' என்பதைக் கண்டு தமிழறிஞர் முகஞ்சுளிக்கக்கூடும். யாமும் முதலாண்டிற் சுளித்தோம். இப்பொழுது சுளிப்பதில்லை. எதிரே இருந்த மாணவனுக்கு விளங்கவேண்டும் என்பதே அவருடைய இலக்கணமாக இருந்தது. வடசொல், திசைச்சொல், ஆங்கிலச்சொல் எதுவாயினும் விளங்கியதை எடுத்தாண்டார். கடல்கடந்து வந்த ஒருவர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் செய்ததை, போரூர், தண்டலம், வேலப்பன்சாவடி என நாற்புறமும் மருத்துவக் கல்லூரிகள் சூழ்ந்த ஊரிற் பிறந்து வளர்ந்த நாம், ஒருபக்கத் தாளளவிற்கேனும் செய்யலாகாதோ?

மருத்துவர்மேல் மட்டும் பழியைச் சுமத்தியிருத்தல் எமக்குத் தகாது. அன்றிரவு படிவம் எம் கையில் இருந்தது. பதினைந்தாண்டு தமிழும் ஆங்கிலமும் கற்ற எமக்கு, "பெரியம்மா, எனக்கு விளங்கவில்லை, விளங்கச் சொல்லுமாறு மருத்துவரைக் கேட்போம்" என்று கூறும் துணிவு வரவில்லை. கல்லூரி மாணவர் என்னும் பெயர் போய்விடுமே என்று அஞ்சினோம். கோபன்ஹேகன் மாணவர் பையைப் பிசைந்தனர். எம்மிடம் கேட்கப்பட்டது ஒரு வினா எழுப்புதலே.

நண்பரும் யாமும் இப்பொழுது அத்தாளை எழுதத் தொடங்கியுள்ளோம். வென்டிலேட்டர், பம்பு, ஹெபரின் என்பன அவ்வாறே நிற்கின்றன. கரியமிலவாயுவைப் பலர் 'கெட்ட காற்று' என்றே சொல்வதால் ஓரிடத்தில் அதனையும் சேர்த்தோம். மருத்துவச் செய்திகளை அவருடைய ஆசிரியரொருவர் திருத்தித் தர இசைந்துள்ளார். சென்ற ஞாயிறன்று குமணன்சாவடிக்குச் சென்று, முதற்படியைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். மறுமுறை அதைக் கேட்க அவருக்கு நெஞ்சம் இடங்கொடுக்குமோ என்று தயங்கினோம். அவரே, படி என்றார். மூன்றாம் வரியில் நிறுத்தி, "இரட்டைக்குழாய் என்கிறாயே கண்ணு, கழுத்தில் இரண்டு ஓட்டையா, ஒன்றா?" என்று வினவினார். ஒன்று என்று நண்பர் விடையளித்தார். "அதை முதலிலேயே போடு. அவருக்கு இரண்டு ஓட்டை போட்டுவிட்டார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்" என்றார். அவ்வரியைத் திருத்தி எழுதியுள்ளோம். எஞ்சிய பதினொரு வரிகளையும் அடுத்த ஞாயிறன்று படித்துக் காட்டுவதாய் இருக்கின்றோம்.